தண்ணீருக்குள் ஒரு பட்டறை

அத்தியாயம் 14

நல்லதம்பியை நீங்கள் இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரிகிறது. மன்னிக்கவே கூடாது என்று மூன்று வாசகிகள் கார்டு போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மனிதர் செய்தது தப்புதான். ஆனால் செட்டிகுளத்தில் முப்பத்தைந்து வருஷம் சின்ன வெங்காயம் போட்ட எவரும் அதையேதான் செய்திருப்பார்.

இந்த வாரம்தான் முதல்முறையாக நம்மோடு சேர்ந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்லதம்பியின் மருமகள் புவனேஸ்வரி, அரியலூரில் குருநாதன் கட்டியிருக்கும் புதுக் கல்யாண மண்டபத்தின் வாசல் குளத்துக்கு அல்லி வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டாள். நம் ஏரிகளில் ராத்திரியில் பூக்கும் அல்லி அல்ல. காலை ஒன்பது மணி வெயிலில் விரிந்து, மாலை நான்கு மணிக்கு மூடிக்கொள்ளும் பகல் அல்லி. பனி உறையும் ஊர்களிலும் சாகாமல் கிடக்கும் கெட்டி இனம். பெங்களூரிலிருந்து இருபத்து நான்கு கிழங்குகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி வாங்கி வந்தாள். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, ஏரி வண்டல் எடுக்கத் தாய்வீடான அரும்பாவூருக்குப் போனாள். நான்கு நாள் கழித்துத்தான் திரும்பினாள்.

அந்த நான்கு நாளில் நல்லதம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். கிழங்கு ஈரத்தில் கிடந்தது. விதை வெங்காயம் ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும். காற்றாடப் போட்டு வைத்தால்தான் முளைப்பு நன்றாக வரும். இதுகூடத் தெரியாத மருமகளாக இருக்கிறாளே என்று, முழுப் பாசத்தோடு, எல்லாக் கிழங்கையும் உதறி எடுத்து வெங்காயப் பட்டறையில் பரப்பி வைத்தார். பட்டறை தெரியுமல்லவா? தரையில் கல் அடுக்கி, கல்லின் குறுக்கே சவுக்குக் கழி போட்டு, அதன்மேல் வெங்காயத்தைக் கொட்டி வைக்கும் மேடை. அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

வெங்காயத்துக்கு அது சொர்க்கம். அல்லிக் கிழங்குக்கு அது சுடுகாடு. பதின்மூன்று கிழங்கு சுக்காய்க் காய்ந்து போயிற்று. மிஞ்சிய பதினொன்றை, தொட்டிக்கு ஒன்றாகக் கிணத்தடியில் நட்டு வளர்த்தாள்.

அன்றிலிருந்து மாமனாரும் மருமகளும் பேசுவதில்லை. எழுபத்திரண்டு நாள். அவள் கோபம் பதினைந்தே நாளில் ஆறிவிட்டது. அவருக்குத்தான் வெட்கம் ஆறவில்லை. அதைக் கோபம்போல முகத்தில் மாட்டிக்கொண்டு நடமாடினார்.

இன்று அந்த மண்டபத்தில் முதல் கல்யாணம். குருநாதனின் சொந்த மகள் சிவரஞ்சனிக்கு. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம்.

புவனேஸ்வரிக்கு இன்று எதற்காக இவ்வளவு படபடப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சித்திரை மாதம், வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டு நல்லதம்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "மண்டபம் தொறக்குற அன்னிக்குப் பூ விரிஞ்சிருந்தா, கிணத்தடி பத்து சென்ட் இவளுக்கு. தொட்டியோ மண்ணோ, இவ இஷ்டம். விரியலன்னா தொட்டியெல்லாம் வெளிய. ஐப்பசி வெங்காயத்துக்கு அங்கதான் பட்டறை."

ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் உழைக்கிறாள். காளான் வளர்த்துப் பார்த்தாள், பூசணம்தான் வளர்ந்தது. ரோஜா வைத்தாள், ஆடு தின்றது. கணவன் முத்துவேல் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். அந்த ஊரில் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மண் ஒரு சாண்கூட அவளுக்கு இல்லை. பத்து சென்ட் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில் தப்பு என்ன?

---

முதல் பஸ்ஸில் மூவரும் கிளம்பினார்கள். நல்லதம்பி முன் சீட்டில், சலவை வேட்டியும் புது முழுக்கைச் சட்டையுமாக, கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர் என்ற மிடுக்கோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் புவனேஸ்வரியும் நாத்தனார் நந்தினியும்.

பெரம்பலூரில் பஸ் மாறியதும் நந்தினி அண்ணியின் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணி, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"இங்க வேணாம். அப்பா இருக்காரு."

"அப்ப பூ விரியட்டும். எதுவா இருந்தாலும் அதுக்கப்புறம் கேக்குறேன். இப்ப என் தலையில எதுவும் ஏறாது."

நந்தினி தையல்காரி. இருபத்து மூன்று வயது. ஊர் ரவிக்கைகளோடு பந்தல்காரர்களுக்கு ஜாலர் துணியும் தைத்துக் கொடுப்பாள். பொதுவாக எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவள் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்ததை அண்ணி கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. புவனேஸ்வரியின் மனதெல்லாம் குளத்திலேயே இருந்தது.

தொட்டிகளை டெம்போ வேனில் ஏற்றிவந்து, குளத்தில் இறக்கி எட்டு நாள் ஆகியிருந்தது. இரண்டடித் தண்ணீர். அதற்கு மேல் போகக்கூடாது என்று குளத்துச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் அவளே கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். தினமும் ஆறேழு பூ விரிவதாக வாட்ச்மேன் செட்டிகுளத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். மொத்தம் பத்தொன்பது மொட்டு இன்றைக்குத் தயாராக இருக்கும் என்பது அவள் கணக்கு.

ஆறரை மணிக்கு மண்டபத்து வாசலில் போய் நின்றார்கள். வாழை மரம் கட்டியாகிவிட்டது. நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். குளம் வெறும் கண்ணாடியாகக் கிடந்தது.

ஓர் இலை இல்லை. ஒரு மொட்டு இல்லை.

புவனேஸ்வரி ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். எல்லாம் உள்ளே இருந்தன. இலையும் மொட்டும் ஒன்றரை அடி ஆழத்தில், தண்ணீருக்கு அடியில் விறைத்துக்கொண்டு நின்றன. சிவப்புக் கோடும் அதே ஆழத்தில் கிடந்தது. குளம் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது.

"ராத்திரி ரெண்டு டேங்கர் தண்ணி விட்டாங்கம்மா," என்றார் வாட்ச்மேன். "நான் கோடு இருக்குன்னு சொன்னேன். பெரியம்மா கேக்கல."

பெரியம்மா என்றால் குருநாதனின் அக்கா பாப்பாத்தி. பட்டுப்புடவையின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே அவர் வந்தார்.

"ஏம்மா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? மொத கல்யாணம். கொடம் நெறஞ்சிருக்கணும், மரக்கால்ல நெல்லு நெறஞ்சிருக்கணும், வெளக்குல எண்ணெ நெறஞ்சிருக்கணும். வாசக் குளம் மட்டும் பாதியா கெடக்கலாமா? வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"தப்பு இல்லைங்கம்மா. ஆனா இந்தப் பூவுக்கு எலை தண்ணி மேல மெதக்கணும். மொட்டு தலைய வெளிய நீட்டணும். தண்ணிக்கடியில விரியாதுங்க. பத்து நாள் விட்டா தண்டு நீண்டு மேல வந்துரும். இன்னிக்கு இல்ல."

குருநாதன் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், அக்காவுக்கு மட்டும் பயந்தவர்.

"ஐயா, ஒன்றரை அடி தண்ணிய மட்டும் வடிச்சு வுட்டுடலாங்க. ஒரு மணி நேர வேலை."

குருநாதன் அக்காவைப் பார்த்தார். அக்கா குளத்தைப் பார்த்தார்.

"கல்யாண நாள்ல நெறஞ்ச தண்ணிய வடிக்கிறதா? அதுக்கு என்னைய அனுப்பிட்டுச் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு பாப்பாத்தி உள்ளே போய்விட்டார்.

குருநாதன் தொண்டையைச் செருமினார். "அக்கா சொன்னா சொன்னதுதாம்மா. நீ மனசுல வெச்சுக்காத. சாமந்தி ரெண்டு கூடை இருக்கு. உதுத்து மெதக்க வுட்டா அதுவும் பாக்க நல்லாத்தான் இருக்கும். நீ கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாதா?"

நல்லதாகத்தான் சொன்னார். ஆனால் அதைவிட அவர் திட்டியிருந்தால் புவனேஸ்வரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

---

அவள் குளத்து விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுகைக்குக்கூட நேரம் இல்லாத மாதிரி இருந்தது. மணி ஆறே முக்கால்.

நல்லதம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தார். இன்றைக்குப் பூ விரியாவிட்டால் கிணத்தடி அவருக்கு. பேசாமல் பந்தலில் போய் உட்கார்ந்து காபி குடித்தால் போதும். வேறு ஒன்றும் செய்யவேண்டியதில்லை.

அவர் ஒரு சுற்று நடந்தார். குனிந்து தொட்டிகளை எண்ணினார். இரண்டாவது சுற்றில் பாதி வழியில் நின்றார்.

"நந்தினி."

"என்னப்பா?"

"எவ்வளவு ஒசரம் தூக்கணும்னு உங்க அண்ணியக் கேளு."

அண்ணி மூன்றடி தூரத்தில்தான் இருந்தாள். நந்தினி இருவரையும் பார்த்துவிட்டு, கடமையாகக் கேட்டாள். "அண்ணி, எவ்வளவு ஒசரம் தூக்கணுமாம்?"

"ஒன்றரை அடி. ஆனா எதை வெச்சுத் தூக்குறது? பதினோரு தொட்டி. ஒவ்வொன்னும் அண்டா கனம். சாய்ஞ்சா மண்ணு கொட்டிரும்."

"கல்லு அடுக்கி, குறுக்க கழி போட்டு, மேல ஏத்தணும்," என்றார் நல்லதம்பி, குளத்தைப் பார்த்தே. "பட்டறைதான். என்ன, தண்ணிக்குள்ள போடணும்."

புவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்குச் சொல்லவும்தான் எப்படி இருந்திருக்கும்! காது மடல் சிவந்திருந்தது.

"கழி மெதக்குமே," என்றாள் அவள், நந்தினியிடம்.

"வெறுங்கழி மெதக்கும். கயித்தப் போட்டுக் கல்லோட கட்டிட்டா? அதுக்கு மேல அத்தினி களிமண்ணு ஒக்காந்தா? எப்படி மெதக்கும்னு கேளு."

சமையல்கட்டுக்குப் பின்னால் மதில் கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக் கல் குவிந்து கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் ஒன்றரை அடிக்கு இரண்டு மூன்று விரல்கடைதான் குறையும், அதைக் கழியின் கனம் சரிக்கட்டிவிடும். கழிதான் வேண்டும். பதினாறு, இருபது.

"நான் கேட்டு வாங்கிட்டு வரேன்," என்று நந்தினி பந்தல் பக்கம் ஓடினாள்.

பந்தல் போட்டவன் பாலாஜி. செந்துறைக்காரன். இருபத்தெட்டு வயதுக்குள் நான்கு தாலுகாவில் பந்தல் போடுகிறவன். நந்தினி போய் இரண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பாள். எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. பின்வாசல் பந்தலை அவனே ஏறி அவிழ்த்து, சவுக்குக் கழியும் கயிறுமாகத் தோளில் சுமந்து வந்து குளத்தோரம் போட்டான்.

"இருபது போதுமா மாமா? வேணும்னா இன்னும் அவுக்குறேன்."

"போதும், போதும். வுழாம பந்தல் நிக்கட்டும்," என்றார் நல்லதம்பி.

வயதில் பெரியவரை மாமா என்பது ஊர் வழக்கம்தான். அதில் ஒன்றுமில்லை என்று நாமும் விட்டுவிடுவோம்.

---

நல்லதம்பி புதுச்சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, நாதஸ்வரக்காரரின் பெட்டி மேல் வைத்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மறுபக்கம் புவனேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பாலாஜி கல்லை எடுத்துக் கொடுக்க, நந்தினி கயிற்றை வெட்டிக் கொடுக்க, வேலை ஓடியது.

முப்பத்தைந்து வருஷக் கை அல்லவா! கண்ணால் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. காலால் தரையைத் துழாவி மட்டம் பார்த்தார். கல்லை வைத்தார், அதன்மேல் இன்னொன்று, நாலு முழம் தள்ளி அடுத்த ஜோடி. கழியைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒரே இழுப்பில் சுருக்குப் போட்டார். பல்துலக்க வந்த பெரியவர்கள் பிரஷ்ஷோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தொட்டியைத் தூக்கும்போதுதான் புவனேஸ்வரியின் முறை வந்தது.

"இலையையும் மொட்டையும் மொதல்ல ஒரு கையால அள்ளிச் சேத்துக்கணும். தண்டு கழியில மாட்டுனா ஒடிஞ்சிரும். தண்ணிக்குள்ளயே வெச்சுத் தூக்கினா கனம் தெரியாது. சாய்க்கக் கூடாது," என்று அவள் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

முதல் தொட்டி ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதைத் தூக்கும்போது நல்லதம்பியின் கால் லேசாக வழுக்கியது. தொட்டி அவர் பக்கம் சரிந்தது.

"புவனா, உன் பக்கம் எறக்கு. எறக்கும்மா. ஆங், அப்படியே."

அவள் இறக்கினாள். தொட்டி நிமிர்ந்தது. கழியின்மேல் அழகாக உட்கார்ந்தது.

அவர் நேராக அவளிடமே பேசிவிட்டார். எழுபத்திரண்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. மேற்கொண்டு அவர் நந்தினியைத் தேடவில்லை.

"ரெண்டு பேரு எறங்கி மிதிக்கிறோம், தண்ணி கலங்கலயே," என்றார் நல்லதம்பி, ஏழாவது தொட்டியில்.

"மண்ணுக்கு மேல ரெண்டு விரக்கடை சரளை போட்டு மூடிருக்கேன் மாமா. அதான் சேறு வெளிய வராது."

"எருவும் போட்டிருப்பியே. எரு போட்டா கலங்குமே."

"எரு போடவே கூடாதுங்க. வெறும் ஏரிக் களிமண்ணுதான். எரு தண்ணியில கரைஞ்சா பாசி புடிச்சிரும்."

"அப்ப சத்துக்கு?"

"காம்ப்ளெக்ஸ் உரத்த ஒரு சிட்டிகை களிமண்ணுல பொதிஞ்சு, நெல்லிக்கா அளவு உருட்டி, காய வெச்சிருவேன். தொட்டிக்கு ரெண்டு உருண்டை. வேர்கிட்ட ஒரு சாண் ஆழத்துக்கு விரலால அமுக்கி வுட்டுரணும். மாசத்துக்கு ஒருக்கா. சாப்பாடு வேருக்குத்தான் போகணும், தண்ணிக்குப் போகக் கூடாது."

அவர் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக வாங்கி எங்கேயோ பத்திரப்படுத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அது ஏன் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

எட்டு மணி பத்து நிமிஷத்துக்குப் பதினோராவது தொட்டியும் ஏறியது. இலைகள் தட்டுத் தட்டாகத் தண்ணீர் மேல் விரிந்து படுத்தன. அவற்றின் நடுவே பத்தொன்பது மொட்டுகள் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. எல்லாம் கெட்டியாக மூடியிருந்தன.

குளமும் நிறைந்தேதான் இருந்தது. ஒரு சொட்டுகூட வடிக்கவில்லை. பாப்பாத்தி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

---

ஒன்பது மணி. மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர்ந்தது. மேளம் அதிர்ந்தது. பூ விரியவில்லை.

மேற்கே பச்சமலைப் பக்கமிருந்து வந்த ஒரு மேகம் சூரியன்மேல் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது. புவனேஸ்வரி ஈரச் சேலையோடு குளத்தோரம் நின்றாள்.

"என்னம்மா, மொட்டாவே இருக்கு," என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டு போனாள்.

"வெயில் வரணுங்க."

"ராவெல்லாம் ஆழத்துல கெடந்துருக்கு," என்றார் நல்லதம்பி, தலையைத் துவட்டியபடி. "குளிரு வுட்டுப் போக நேரமாகுமோ?"

"தெரியல மாமா. நான் இப்படிப் பாத்ததில்ல."

அவர் அவளை உள்ளே போய்ச் சேலை மாற்றச் சொல்லவில்லை. வேலை முடியாத வயலை விட்டு அவரும் வந்ததில்லை. பக்கத்திலேயே நின்றார். ஒன்பது பத்து. ஒன்பது பதினைந்து.

ஒன்பது இருபதுக்கு மேகம் நகர்ந்தது. வெயில் குளத்தின் ஒரு ஓரத்தில் இறங்கி மெல்ல மெல்ல உள்ளே நடந்து வந்தது.

முதலில் அசைந்தது இருக்கிறதிலேயே நோஞ்சான் தொட்டி. பட்டறையில் பாதி காய்ந்து, பிழைக்குமா என்று அவள் சந்தேகப்பட்டு நட்ட கிழங்கு. அதன் ஒற்றை மொட்டில் பச்சை மடல் ஒன்று பிரிந்து சாய்ந்தது. உள்ளே வெளுப்பு தெரிந்தது. பிறகு இன்னொரு மடல்.

"அண்ணி," என்றாள் நந்தினி, மூச்சை அடக்கிக்கொண்டு.

அடுத்தது ரோஸ் நிறம். அதற்கடுத்தது இரண்டு ஒன்றாக. உள்ளே கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறியபோது குளத்தில் ஒன்பது பூ. மணமக்களை அழைத்துக்கொண்டு குருநாதன் வாசலுக்கு வந்தபோது பதினாறு. வெள்ளையும் ரோஸும் வெளிர் மஞ்சளுமாகப் பதினாறு பூவும், விளிம்பு வரை நிறைந்த தண்ணீரின் மேல் உட்கார்ந்திருந்தன. பாக்கி மூன்று மறுநாளைக்கு. அதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

மணமேடைக்கு எதிரில் இருந்த பாதிக் கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. போட்டோக்காரர் மணமக்களைக் குளத்தோரத்தை விட்டு நகரவிடவில்லை. சிவரஞ்சனி கழுத்து மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

பாப்பாத்தி வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"நெறஞ்ச தண்ணியில நெறஞ்ச பூ," என்றார். "நான் சொன்னேன்ல, குளம் நெறஞ்சிருக்கணும்னு."

புவனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. "ஆமாங்கம்மா. நீங்க சொன்னதுதான்," என்றாள். ஜெயித்தவர்களுக்குத்தான் இப்படி விட்டுக்கொடுக்க முடியும்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நல்லதம்பியின் ஈர வேட்டியைப் பார்த்துவிட்டு, "பூ வெச்சது நீங்களாங்க?" என்று கேட்டார்.

"நான் இல்லைங்க. எம் மருமக." நல்லதம்பி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "செட்டிகுளத்துல அவ தோட்டம் இருக்கு. கிணத்தடியில, பத்து சென்ட். வேணும்னா அங்க வந்து பாருங்க. வரதுக்கு முன்ன அவளைக் கேட்டுக்கிட்டு வாங்க."

அவ தோட்டம்.

புவனேஸ்வரி திரும்பிக்கொண்டாள். காலையிலிருந்து நேரம் இல்லாமல் போன அழுகை இப்போது வந்தது. அது நல்ல அழுகை, வரட்டும். பூசணம் பிடித்த காளானும் ஆடு தின்ற ரோஜாவும் அதோடு கரைந்து போகட்டும். பந்தியில் அவள் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தாள். செந்துறையிலிருந்து வந்திருந்த ஒருவர் தன் வீட்டுத் தொட்டிக்கு நான்கு கிழங்கு கேட்டார். "தை மாசம் பிரிச்சுத் தரேன், இப்ப எடுக்கக் கூடாது," என்று தோட்டக்காரியின் தோரணையோடு பதில் சொன்னாள்.

---

திரும்பும் பஸ்ஸில் நல்லதம்பி முன் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார். ஆலத்தூர் தாண்டியதும் நந்தினி ரவிக்கைக்குள்ளிருந்து ஓர் இன்லேண்ட் லெட்டரை எடுத்து அண்ணியின் கையில் திணித்தாள்.

"பூ விரிஞ்சிருச்சு. இப்பப் படிக்கலாம்ல. எனக்குச் சொல்ல வாய் வரல அண்ணி. படிச்சிட்டு நீங்களே அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பாருங்க."

"யாரு போட்டது?"

"வூட்டுக்குப் போயி தனியா இருக்கப்பப் படிங்க."

புவனேஸ்வரி அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு எல்லாமே நல்ல செய்தியாகத்தான் தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நந்தினி குளிக்கப் போனாள். நல்லதம்பி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"புவனா, ஒரு நிமிசம் இப்படி வா."

வெங்காயப் பட்டறைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் அவள் எழுபத்திரண்டு நாளாகப் போனதே இல்லை. போக மனம் வரவில்லை. அங்கே, வெயில் படும் இடத்தில், விளிம்பு உடைந்த பழைய மாட்டுத்தொட்டி ஒன்று இருந்தது. தண்ணீர் அரைத்த கீரைபோலப் பச்சையாக இருந்தது. அதன்மேல் ஐந்து இலைகள். நடுவே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மொட்டு.

அவள் அவரைப் பார்த்தாள்.

"நீ குப்பையில போட்ட பதிமூணுல ஒன்னு," என்றார். "ஒரு ஓரமா லேசா பச்சை இருந்துச்சு. எடுத்து வெச்சேன். நீ நட்ட மாதிரி ஓரத்துல சாய்ச்சு நடத் தெரியல. வெங்காயம் மாதிரி நடுவுல நட்டுட்டேன். பாவம், அதுவும் முளைச்சிருச்சு."

"சொல்லவே இல்லையே மாமா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?" அவர் தொட்டியையே பார்த்தார். "வாரா வாரம் ஒரு கை எரு போட்டேன். நல்லது பண்றோம்னு நெனச்சேன். தண்ணி இப்படிப் போயிருச்சு. இன்னிக்கு நீ சொன்னப்புறந்தான் விளங்குச்சு. இந்த மொட்டு நாளைக்கு விரியுமா? இதுக்கு எத்தினி உருண்டை வெக்கணும்?"

ஊரே வெங்காயத்துக்கு யோசனை கேட்டு வரும் மனிதர், தன்னிடம் கேட்கிறார். பத்து சென்ட் கிடைத்தபோது வந்த சந்தோஷம் ஒன்று. இது வேறு. இதை அவள் யாரிடமும் கேட்டதுகூட இல்லை.

"ரெண்டு போதும் மாமா," என்றாள். "தண்ணிய நாளைக்கு மெதுவா மாத்திக்கலாம். இருங்க, மிச்ச உருண்டை பையிலயே இருக்கு."

பையிலிருந்து உருண்டையை எடுத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகித் தொட்டிமேல் குனிந்தாள். இடுப்பிலிருந்த கடிதம் நழுவித் தண்ணீரில் விழப் பார்த்தது. உருண்டை இல்லாத கையால் அதைப் பிடித்து, பழக்கதோஷத்தில் பக்கத்தில் நீட்டினாள்.

"இத ஒரு நிமிசம் புடிங்க மாமா."

நீட்டிய பிறகுதான் அது என்னவென்று நினைவு வந்தது. அதற்குள் அது அவர் கைக்குப் போயிருந்தது. மாலை வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க அது போதும்.

"அனுப்புநர்..." நல்லதம்பி கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "பாலாஜி, பந்தல் கான்ட்ராக்டர், செந்துறை. பெறுநர்... நந்தினி..."

நிறுத்தினார். மேலும் ஒரு முறை படித்தார்.

"இருபது கழி குடுத்தானே, அந்தப் பையன்தானே இவன்?"

அந்தக் குரலில் இருப்பது கோபமா, வேறு ஏதாவதா என்று புவனேஸ்வரிக்குப் பிடிபடவில்லை. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கையிலிருந்த உருண்டையை மட்டும் விடாமல், வேரருகே, சரியாக ஒரு சாண் ஆழத்துக்கு அமுக்கினாள்.